ஃபோர்க் குழாயில் ஒரு கோடு

இந்தக் காலத்து ஜனங்களுக்குக் கண் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. எதிரில் நிற்கிற மாட்டைப் பார்க்க மாட்டான். அதே மாட்டை எவனோ போனில் படம் பிடித்து அனுப்பினால், அதை விரலால் இழுத்துப் பெரிதாக்கி, ‘ஆமா, மாடுதான்’ என்பான். நான் லாரி ஓட்டிய காலத்தில் ஒருத்தனைத் திருடன் என்று சொல்லுமுன் அவன் முகத்தையாவது பார்ப்பார்கள்.

அன்று காலை எங்கள் லியுகெங் மலை ஊர் முழுக்க ஒரு படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. விடிகாலை மூடுபனி, கோயிலிலிருந்து இறங்குகிற மலைச்சாலை, மழைக்கோட்டு போட்ட ஒருத்தனின் முதுகு, அவன் ஓட்டிப் போகிற பழைய மோட்டார் சைக்கிள். பனி அழகாக இருக்கிறதே என்று தேயிலை பறிக்கப் போன ஒருத்தி எடுத்து, ஊர்க்காரர்களின் போன் குழுவில் போட்டிருந்தாள். வண்டி நம்பர் மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

அதே விடிகாலையில்தான் கோயில் பீடத்தில் இருந்த எங்கள் கடல் தெய்வம் மாட்சு அம்மன் காணாமல் போனாள். அன்று அவள் பிறந்தநாள். உச்சிப் பொழுதில் பல்லக்கு கிளம்ப வேண்டும்.

படத்தில் இருந்த நம்பர், வீடு வீடாக காஸ் சிலிண்டர் போடுகிற திபுசுங்கின் வண்டி நம்பர். அவன் மேல்மலைப் பழங்குடி, சோவு இனத்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவன். போதாதா?

திபுசுங் நேராக யுலானின் பாக்குக் கடைக்கு வந்து நின்றான். யுலான் பாக்கு விற்கிறாள், நீல நிறக் குட்டி லாரி ஓட்டுகிறாள், நான் எதையாவது தேடிப் போனால் கூட வந்து என் உயிரை வாங்குகிறாள். தொலைந்த ஆடு, தொலைந்த மோதிரம், ஓடிப்போன புருஷன் எல்லாம் நான் தேடிக் கொடுப்பேன் என்று ஊரில் பேர்.

“பெரியவரே, நான் எடுக்கல,” என்றான் திபுசுங்.

“எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க,” என்றேன்.

“ஐயையோ, வந்த மனுஷனை உக்காரச் சொல்லுங்க மொதல்ல,” என்றாள் யுலான். “பெரியப்பா பொறந்தப்ப மருத்துவச்சியையே ‘நீ நெசமாவே மருத்துவச்சியா’ன்னு கேட்டவரு. நீ சொல்லு.”

திபுசுங் உட்காரவில்லை. “பல்லக்கு கெளம்பறதுக்குள்ள அம்மன் வரலேன்னா படத்தைப் போலீசுக்குக் குடுத்துருவேன்னு கோயில் தலைவர் ஹுவாங் சொல்லிட்டாரு. எங்க காஸ் கடை மொதலாளி, ‘அதுக்கப்புறம் உனக்கு இங்க வேலை இல்ல’ங்கறாரு. காலையில ரெண்டு வீட்ல சிலிண்டரை வாங்க மாட்டேன்னு கதவைச் சாத்திட்டாங்க. முப்பது வருஷமா அவங்க அடுப்பை எரிய வெச்சவன் நான்.”

“விடிகாலையில வண்டி எங்க இருந்துச்சு?”

“ஆகுன் கடையில. முன் ஃபோர்க் ரெண்டும் ஒழுகிப்போச்சு. ஸ்பிரிங் தொங்கிப்போச்சு. பின்னாடி ஷாக்அப்சர் ரெண்டும் செத்துப்போச்சு. எல்லாத்தையும் கழட்டிப் புதுசாக்கறேன்னு வாங்கி வெச்சாரு. காலைச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் போய் எடுத்தேன்.” கொஞ்சம் நிறுத்தி, எரிச்சலோடு சேர்த்தான். “அதுவும் சரியாப் பண்ணல. சிலிண்டரைத் தொங்கவிட்டா வண்டி குடிகாரன் மாதிரி எடது பக்கம் சாயுது. ஆகுன் அண்ணன் வேலையில இப்படி ஒரு குறை நான் பார்த்ததே இல்ல.”

அந்தக் கடைசிப் பேச்சை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போட்டிருந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

*

ஆகுன் என் வயதுக்காரன். எங்கள் மலையில் ஓடுகிற எல்லாப் பழைய வண்டிகளுக்கும் அவன்தான் வைத்தியன். மூங்கில் பந்தல், எண்ணெய் ஊறிய மண் தரை, தொண்டை கிழிய அலறுகிற ரேடியோ. இதுதான் அவன் கடை. அன்று ரேடியோ வாய் மூடிக் கிடந்தது.

“என்னடா, ரேடியோவுக்கும் துக்கமா?” என்றேன்.

“பேட்டரி தீந்துபோச்சு.”

யுலான் பாக்குப் பொட்டலத்தை நீட்டினாள். ஆகுன் கையை ஆட்டி வேண்டாம் என்றான். “பல்லு வலி.”

“உனக்குப் பல்லே ரெண்டுதானே அண்ணே இருக்கு. ரெண்டும் ஒரே நாள்ல பேசி வெச்சிக்கிட்டு வலிக்குதா?”

அவன் சிரிக்கவில்லை. மேசையில் திபுசுங்கின் பழைய ஃபோர்க் சாமான்கள் பரப்பியிருந்தன. வெடித்துப்போன ஆயில் சீல்கள், தேய்ந்து சப்பையான புஷ்கள், ஒரு தகரத்தில் காபிக் கஷாயம் மாதிரி கறுத்த எண்ணெய். ஆகுன் அதையெல்லாம் எனக்குக் காட்டினான். வேலையைக் காட்டுவதென்றால் அவனுக்குப் பேச்சு வரும்.

“ஸ்பிரிங் எவ்வளவு குட்டையா ஆயிருக்கு பார். குழாய் பூரா துருப் புள்ளி. அதுதான் சீலைக் கிழிக்குது. பாலிஷ் முலாம் போட்டு வாங்கினேன். புது சீல், புது புஷ், புது எண்ணெய். இன்னும் இருபது வருஷம் ஓடும்.”

“வேலையை எப்ப முடிச்ச?”

“நேத்து சாயங்காலம்.”

“அப்புறம் வண்டி எங்க நின்னுச்சு?”

“வெளியில. சாவி வண்டியிலயே இருந்துச்சு. நான் எப்பவும் அப்படித்தானே வெப்பேன். யார் வேணும்னாலும் எடுக்கலாம்.”

அது உண்மை. எங்கள் ஊரில் பழுது பார்த்த வண்டியைச் சாவியோடுதான் வெளியே நிறுத்துவார்கள். சாவியை எடுத்து உள்ளே வைத்தால் வாடிக்கையாளனைத் திருடன் என்று சொன்ன மாதிரி.

“அப்ப திபுசுங்கும் எடுத்திருக்கலாம்?”

ஆகுன் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். கை சுத்தமாகத்தான் இருந்தது. “யார் வேணும்னாலும்னு சொன்னேன்,” என்றான்.

வெளியே வந்ததும் யுலான் சொன்னாள், “பெரியப்பா, ஆகுன் அண்ணன் இன்னிக்கு ஒரு கெட்ட வார்த்தைகூடப் பேசல. ஒடம்பு சரியில்லையோ?”

“பல்லு வலின்னானே.”

“பல்லு வலிச்சா ரெண்டு மடங்கு பேசணும்.”

*

திபுசுங்கின் வண்டியைக் கோயில் சரிவின் தலைப்பில் நிறுத்தச் சொன்னேன். முழங்கால் கிறீச்சிட முன்சக்கரத்துக்கு எதிரே குத்த வைத்தேன். இந்த மாதிரி வண்டியில் முன்சக்கரத்தைத் தாங்குவது இரண்டு ஃபோர்க் குழாய்கள். பிரேக் பிடித்தால் சக்கரம் மேலே ஏறும், குழாய் உறைக்குள் அமுங்கும். அமுங்கின இடம் வரைக்கும் சீல் அழுக்கை வழித்துக்கொண்டு போய், மேலே ஒரு கோடு போட்டுவிட்டு வரும். பழைய வண்டியில் கோட்டின் மேல் கோடு விழுந்து ஒன்றும் தெரியாது. இதுவோ புது முலாம், மெல்லிசாகப் பூசிய கிரீஸ். ஒரே ஒரு கோடு, மைக்கோடு மாதிரி. இரண்டு குழாயிலும் கிட்டத்தட்ட உச்சியில்.

“வண்டியை எடுத்ததுல இருந்து எங்கெங்க போன?”

“ஆகுன் கடையிலருந்து ஏத்தம்தான் என் வீடு. அப்புறம் பக்கத்துல ரெண்டு வீடு, சிலிண்டர் வாங்க மாட்டேன்னவங்க. அப்புறம் மெதுவா உருட்டிக்கிட்டு இங்க.”

“எங்கயாவது ஓங்கிப் பிரேக் அடிச்சியா?”

“இல்ல.”

“பொய் சொன்னா இப்பவே சொல்லிரு.”

அவன் முகம் சிவந்தது. “எல்லாரும் கேக்கற கேள்வியையே நீங்களும் கேக்கறதுக்கா உங்ககிட்ட வந்தேன்?”

“நான் அவங்களைவிட மோசமாக் கேப்பேன். ஆனா பதிலைக் காதுல வாங்குவேன். வண்டியை எடு.”

வலது குழாயைத் துடைத்துப் புதுசாகக் கொஞ்சம் கிரீஸ் தடவினேன். இடது குழாயின் கோட்டைத் தொடவில்லை. “கீழ அந்த மூங்கில் புதர் வரைக்கும் வேகமாப் போய், முன் பிரேக்கை ஓங்கி அடி.”

போனான், அடித்தான், வந்தான். வலது குழாயில் விழுந்த புதுக் கோடு பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் நின்றது. பழைய கோடு அதற்கு எங்கேயோ மேலே.

“சிலிண்டரை மாட்டிக்கிட்டு இன்னொரு தடவை.”

எங்கள் பக்கம் காஸ் போடுகிறவர்கள் சிலிண்டரைப் பின்சீட்டு ஓரம் இடது பக்கக் கொக்கியில்தான் தொங்கவிடுவார்கள். வலது பக்கம் புகைக்குழாய் கொதிக்கும். புத்தியுள்ளவன் அங்கே காஸைத் தொங்கவிட மாட்டான். திபுசுங் அப்படியே மாட்டிக்கொண்டு போய்ப் பிரேக் அடித்தான். கோடு ஒரு விரல்கூட ஏறவில்லை. பாரம் பின்னால் இருந்தால் முன் ஃபோர்க்குக்கு என்ன வந்தது?

“அப்ப பாரம் முன்னால இருந்திருக்கு,” என்றேன். “பெட்ரோல் டேங்க் மேல. யுலான், ஒரு அரிசி மூட்டை கொண்டா.”

“எதுக்கு?”

“அதைக் கட்டிப் பிடிச்சிக்கிட்டு நீ முன்னால உக்காரு.”

“நான் எதுக்கு? மூட்டையை மட்டும் கட்டி வெச்சாப் போதாதா?”

“அம்மன் கற்பூர மரச் சிலை. சிலையோட ஒட்டின அடிப்பீடத்தைச் சேர்த்தா ஒரு மூட்டையை விடக் கனம்.”

“அப்ப என் ஒடம்பை அம்மன் பீடத்துக்குச் சமம்னு எடை போட்டிருக்கீங்க. போகட்டும், யார் சொன்னா என்ன, மரியாதைதான்.”

அவள் கடையிலிருந்து சின்ன மூட்டை ஒன்றைக் கொண்டுவந்தாள். கடைசியில் அவள் ஏறவில்லை. இன்னொரு மூட்டையைச் சேர்த்து டேங்க் மேல் கட்டினோம். திபுசுங் கைப்பிடியைப் பிடித்த இரண்டு கைக்கும் நடுவில் அதை அணைத்துக்கொண்டு சரிவில் இறங்கினான். மூங்கில் புதரிடம் பிரேக் பிடித்தபோது மூட்டை ஒன்று அவிழ்ந்து, சரிவு முழுக்க அரிசி ஓடியது. கோழிகள் வந்து குவிந்தன.

“அம்மன் பிறந்தநாள் அன்னதானம்,” என்றாள் யுலான்.

நான் கோட்டைப் பார்த்தேன். வலது குழாயிலும் இடது குழாயிலும் கோடுகள் இப்போது ஒரே உயரத்தில் நின்றன.

எனக்கு உள்ளே குளுகுளு என்று இருந்தது. சாமியை முதுகுக்குப் பின்னால் கொண்டு போகக் கூடாது என்பது எங்கள் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். காரில் போனால் மடியில், வண்டியில் போனால் நெஞ்சோடு. மேல்மலையில் பிறந்து சர்ச்சில் ஞானஸ்நானம் வாங்கிய திபுசுங்குக்கு?

“திபுசுங், ஒரு சாமி சிலையை நீ கொண்டு போகணும்னா எங்க வெப்ப?”

அவன் யோசிக்கவே இல்லை. “கொக்கியில. சாக்குல சுத்தி. கயிறு நல்லாக் கட்டணும், விழுந்திரக் கூடாது பாருங்க.”

யுலான் தலையில் அடித்துக்கொண்டாள். “நல்லவேளை நீ திருடல. திருடியிருந்தா அம்மன் ஒனக்குச் சாபம் குடுக்கறதுக்குள்ள எங்க பொம்பளைங்க குடுத்திருப்பாங்க.”

திருடினவன் பக்தன். திருடும்போதும் முறை தவறாத பக்தன். அப்படி ஒருத்தனை எனக்குத் தெரியும் என்று அந்த நிமிஷம் நினைத்தேன். கோயில் தலைவர் ஹுவாங். கொஞ்சமும் யோசிக்காமல் நடந்தேன்.

*

கோயில் முற்றத்தில் தாளக்காரர்கள் தாளத்தை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள். பல்லக்கு காலியாக நின்றது. ஹுவாங் பட்டுச் சட்டையில் இருந்தார், கையில் போன்.

“கோ அண்ணே, திருடனுக்கு வக்காலத்தா?”

“ஃபோர்க்கைப் பாருங்க, தலைவரே. வெளியில நிக்குது. குனிஞ்சு ஒரு கோட்டைப் பாருங்க.”

“படத்துல நம்பர் இருக்கு. கோடு எதுக்கு?”

“படத்துல முதுகு இருக்கு. எல்லாருக்கும் முதுகு இருக்கு. உங்களுக்கும் இருக்கு.”

கூட்டம் ‘ஊ’ என்றது. ஹுவாங் கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அவர் வேட்டி மாதிரி தொளதொளத்த கால்சட்டையை மடக்கி, இடுப்பிலிருந்து முழங்கால் வரை ஓடிய வடுவைக் காட்டினார்.

“இடுப்பெலும்பு மாத்தி வெச்சிருக்கு. மோட்டார் சைக்கிள் மேல காலைத் தூக்கிப் போட்டு எத்தனையோ மாசம் ஆச்சு. இப்ப ஏறச் சொல்றீங்களா? ஏறினா எறக்க ஆம்புலன்ஸ் வேணும்.”

எல்லாரும் சிரித்தார்கள், என்னைப் பார்த்து. திபுசுங் சிரிக்கவில்லை.

முற்றத்து ஓரத்தில் அந்நியன் ஒருவன் மரப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பெட்டிக்குள் தங்கத் தாள், உப்புக் காகிதம், சாயப் புட்டிகள்.

“யார் அது?”

“நகரத்துச் சிற்பி,” என்றார் ஹுவாங். “ஊர்வலம் முடிஞ்சதும் அம்மன் முகத்துக் கரியெல்லாம் சுரண்டி, தங்கத் தாள் ஒட்டிப் புதுசாக்கப் போறோம். சுற்றுலாக்காரங்க படம் எடுத்தா கறுப்பா வருதாம். குறி கேக்கற கட்டையைப் போட்டு அம்மன்கிட்ட சம்மதமும் வாங்கியாச்சு.”

எங்கள் அம்மன் முகம் எத்தனையோ தலைமுறை ஊதுபத்திப் புகையில் கறுத்தது. எங்கள் ஊர்ப் பெண்கள் அவளைக் கரிமுகத்தாள் என்றுதான் கூப்பிடுவார்கள்.

“கட்டை எத்தனை தடவை போட்டீங்க?” என்று கேட்டாள் யுலான்.

ஹுவாங் தாளக்காரர்கள் பக்கம் பார்த்தார்.

அந்த நேரத்தில் கோயில் சமையலறையிலிருந்து ஒருத்தி கத்தினாள், அடுப்பு அணைந்துவிட்டது, ஊர் விருந்துக்குக் கடல் நண்டு சாதம் பாதியில் நிற்கிறது என்று. நாமே திருடன் என்று சொன்னவன் கையால் சிலிண்டர் வாங்குவதா என்று எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். திபுசுங் வண்டியை அவர்கள் நடுவே ஓட்டி வந்தான். கூட்டம் விலகியது. அவன் தலையைக் குனியவில்லை. இடது கொக்கியில் சிலிண்டர்.

வண்டி இடது பக்கம் சாய்ந்தபடி வந்தது.

நான் வழியில் குறுக்கே போய் நின்றேன். பின்சக்கரத்துக்குப் பக்கம் குனிந்தேன். பழைய ஷாக்அப்சர்களில் ஸ்பிரிங்கின் அடியில் படி வெட்டின வளையம் ஒன்று இருக்கும். கொக்கிச் சாவியால் திருப்பி மேல் படிக்கு ஏற்றினால் ஸ்பிரிங் கெட்டியாகும். எங்கள் மலையில் காஸ்காரன் வண்டி என்றால் இடது வளையம் உச்சிப் படியில், வலது வளையம் அடிப் படியில். சரியோ தப்போ, முப்பது வருஷமாக ஆகுன் அப்படித்தான் வைக்கிறான். தூக்கத்தில் எழுப்பினாலும் அப்படித்தான் வைப்பான்.

இந்த வண்டியில் இரண்டு வளையமும் ஒரே படியில் இருந்தன. இடது பக்கம் உச்சிப் படியில் உராய்ந்த புதுத் தழும்பு ஒன்று. ஆகவே ஏற்றி வைத்துவிட்டு, பிறகு யாரோ இறக்கியிருக்கிறார்கள். பின்னால் பாரம் இல்லாமல், வண்டி ஒரு பக்கம் துள்ளாமல், மெத்தென்று போக வேண்டும் என்பதற்காக. டேங்க் மேல் உட்காரப் போகிறவளுக்குக் குலுங்கக் கூடாது என்பதற்காக.

அதற்குக் கொக்கிச் சாவி வேண்டும். எங்கள் ஊரில் அது ஒரே ஒருத்தனிடம் இருக்கிறது.

அணைந்த ரேடியோ. வேண்டாம் என்ற பாக்கு. வராத கெட்ட வார்த்தை. சாமி வீட்டில் இருக்கும்போது வாய் சுத்தமாகத்தானே இருக்க வேண்டும்?

“பெரியப்பா, மூஞ்சி ஏன் இப்படிப் போச்சு?” என்றாள் யுலான்.

“லாரியை எடு,” என்றேன்.

*

ஆகுன் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான், எங்களுக்காகவே காத்திருந்த மாதிரி. உள் அறைக் கதவு சாத்தியிருந்தது. அதன் இடுக்கில் ஊதுபத்தி வாசனை எண்ணெய் வாசனையோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது.

“வளையத்தைத் திரும்ப ஏத்த மறந்துட்ட,” என்றேன்.

அவன் கண்ணை மூடினான். “பனியில வந்ததும் வராததுமா அவளை உள்ள வெச்சு, பத்தி கொளுத்தறதுலயே நேரம் போச்சு. அப்புறம் அவன் வந்து எடுத்துக்கிட்டுப் போயிட்டான்.”

“உன் வண்டியில போயிருக்கலாமே.”

“என் வண்டி ஃபோர்க் ஒழுகுது. ஊரார் வண்டியைப் பாத்துப் பாத்து என் வண்டியைப் பாக்கல. அவளை ஏத்திக்கிட்டு அதுல போகச் சொல்றியா? புதுசாப் பண்ணின ஃபோர்க் அது ஒண்ணுதான் இருந்துச்சு.”

“ஊருக்கெல்லாம் செருப்புத் தெச்சுக் குடுத்துட்டு வெறுங்கால்ல நடக்கறவன் நீ,” என்றாள் யுலான். குரலில் கேலி பாதிதான் இருந்தது.

“உள்ள இருக்கறவளை எடுத்துக்கிட்டு வா,” என்றேன்.

“மாட்டேன்.”

“டேய்.”

“மாட்டேண்டா! கேட்டுக்கோ. தேஞ்சதை மாத்தறவன் நான். சீல் வெடிச்சா மாத்துவேன். ஸ்பிரிங் தொங்கினா மாத்துவேன். அதுதான் என் பொழப்பு. ஆனா அவ முகத்துல என்ன தேஞ்சிருக்கு? சொல்லு. எங்கம்மா வெச்ச புகை அதுல இருக்கு. உங்கம்மா வெச்ச புகை இருக்கு. அதை உப்புக் காகிதம் போட்டுச் சுரண்டுவானாம் ஒருத்தன், போட்டோ நல்லா வரலேன்னு! ஹுவாங் கட்டை போட்டான், நான் பாத்தேன். வேணாம் வேணாம்னு அவ சொல்லச் சொல்ல, கை வலிக்க வலிக்க, ஆமான்னு விழற வரைக்கும் போட்டான். அந்தச் சிற்பி ஊரை விட்டுப் போகட்டும், அப்புறம் நானே கொண்டுபோய் வெப்பேன்.”

“அதுக்குள்ள திபுசுங்?”

அவன் துணியை எடுத்து மறுபடியும் கையைத் துடைக்க ஆரம்பித்தான்.

“அவன் ரெண்டு வீட்டு வாசல்ல நின்னு திருடன்னு பேர் வாங்கியாச்சு. இன்னும் கொஞ்ச நேரத்துல போலீசு. சிலிண்டரை எறக்கச் சொல்லிருவான் மொதலாளி. அவ மூஞ்சியைக் காப்பாத்த நீ இவன் மூஞ்சியில கரி பூசிட்ட. ‘யார் வேணும்னாலும் எடுக்கலாம்’னு என்கிட்டயே சொன்ன. என்கிட்ட, ஆகுன்.”

“நான் பொய் சொல்லல.”

“அதுதான் எனக்கு வயித்தெரிச்சல். பொய் சொல்லியிருந்தா மன்னிச்சிருப்பேன்.”

ஆகுன் எழுந்து கையைக் கழுவினான், வாயைக் கழுவினான், உள்ளே போனான். சிவப்புத் துணி சுற்றிய அம்மனை நெஞ்சோடு அணைத்து வெளியே வந்தான்.

யுலான் லாரிக் கதவைத் திறந்துவிட்டாள். அவன் தலையை ஆட்டினான். “எந்த வண்டியில வந்தாளோ அதுலதான் போவா. படம் எடுக்கணும்னா இந்தத் தடவை முன்னாலிருந்து எடுக்கட்டும். திபுசுங்கைக் கூப்பிடு.”

*

வந்தான் திபுசுங். ஆகுன் சொன்னதை நின்றபடி முழுக்கக் கேட்டான். அடிப்பான் என்று நினைத்தேன். நானாக இருந்தால் அடித்திருப்பேன். அவன் சாவியை நீட்டினான், அவ்வளவுதான்.

ஆகுன் கோயில் முற்றத்துக்குள் ஓட்டிக்கொண்டு வந்தான். அம்மன் டேங்க் மேல், முகத்துத் துணியை விலக்கி, கறுகறுவென்று. தாளக்காரர்கள் எழுந்து நின்றார்கள். கிழவிகள் சுவரோரம் மண்டியிட்டார்கள்.

“நான்தான் எடுத்தேன்,” என்றான் ஆகுன். எஞ்சினைக்கூட அணைக்கவில்லை. “திபுசுங்குக்கு ஒண்ணும் தெரியாது. பல்லக்குத் தண்டுல என் தோளை இனிமே சேக்க வேணாம்னா சேக்காதீங்க. முப்பத்தஞ்சு வருஷம் தூக்கிட்டேன், போதும். ஆனா இவ முகத்துல ஒருத்தன் காகிதம் வெச்சாத் திரும்பவும் எடுப்பேன். இப்பவே சொல்லிட்டேன், போலீசுகிட்ட வேணும்னாலும் சொல்லுங்க.”

ஹுவாங் சிற்பியைப் பார்த்தார். ஜனங்களைப் பார்த்தார். ஜனங்கள் பார்த்த பார்வை அவருக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. “அம்மனையே கேப்போம்,” என்றார்.

பிறை மாதிரி வளைந்த கட்டைகள் இரண்டு. ஒன்று மேடு, ஒன்று தட்டை மேலே தெரிந்தால் ஆமாம். இரண்டும் மேடாக விழுந்தால் வேண்டாம். தங்கம் பூசலாமா என்று கேட்டுப் போட்டார். இரண்டும் மேடு. திரும்பப் போட்டார். மேடு. மூன்றாம் தடவை போடும்போது அவர் கையில் முடிச்சு முடிச்சாக நரம்பு தெரிந்தது. மேடு. கூட்டம் ஆர்ப்பரித்தது. சிற்பி பெட்டியை மூடினான்.

அப்புறம் ஹுவாங் கேட்டார், திபுசுங் குற்றம் அற்றவன்தானா என்று. கட்டை விழுந்தது. ஆமாம்.

“அம்மனே சொல்லிட்டா!” என்று கத்தினார்கள். திபுசுங்கின் முதுகைத் தட்டினார்கள். சிலிண்டர் வாங்காதவளும் தட்டினாள். பட்டாசு வெடித்தது. பல்லக்கு தோளில் ஏறியது. தண்டில் ஆகுன் இடத்தைக் காலியாக விட்டுத்தான் நின்றார்கள், அவன் போய்ச் சேர்ந்துகொண்டான்.

நான் ஹுவாங்கின் கையைப் பிடித்தேன். “குழுவுல போடுங்க. திபுசுங் எடுக்கல, நாங்க தப்பாச் சொல்லிட்டோம்னு.”

“அம்மனே சொல்லியாச்சே, அப்புறம் என்ன?” என்றார். போனில் தட்டினார். யுலான் தன் போனைப் பார்த்தாள். அம்மன் திரும்பி வந்த படம். அதன் கீழே கைகூப்பின மாதிரி சின்னச் சின்னப் பொம்மைகள். திபுசுங் பேர் எங்கும் இல்லை.

அவன் வண்டியின் ஃபோர்க்கைக் குனிந்து பாருங்கள் என்று நான் அப்போதே சொன்னேன். ஒருத்தன் குனியவில்லை. ஒரு மனுஷன் திருடனா இல்லையா என்பது, ஒரு நல்ல வேலைக்காரன் முலாம் போட்ட குழாயில் பளிச்சென்று எழுதியிருந்தது. அதை விட்டுவிட்டு, இரண்டு மரத்துண்டு எப்படி விழுகிறது என்று பார்க்கிறார்கள். அதுவும் எந்தத் தரையில்? இந்த முற்றம் சாக்கடைப் பக்கம் சாய்வு. நான் சின்ன வயசில் இங்கே கோலி விளையாடியிருக்கிறேன். அந்தக் கட்டை இன்னொரு மாதிரி விழுந்திருந்தால், இதே கைகள் இவனைத் தள்ளிக்கொண்டு போயிருக்கும்.

திபுசுங் பல்லக்குப் பக்கம் போய், ஆகுன் காதருகே குனிந்தான். தாளச் சத்தத்தில் எனக்குக் கேட்டது இவ்வளவுதான்: “நாளைக்கு வரேன். எடது வளையத்தை உச்சிக்கு ஏத்தி விடு.”

ஆகுன் தலையை ஆட்டினான். தோளில் தண்டு இருந்ததால் கண்ணைத் துடைத்துக்கொள்ள முடியவில்லை.

“பெரியப்பா, நண்டு சாதம் போடறாங்க,” என்று கூப்பிட்டாள் யுலான். “கரிமுகத்தாள் காப்பாத்திட்டா, வந்து சாப்பிடுங்க.”

“அவ காப்பாத்தினாளா? நான் பாக்கல.”

“இத்தனை பேர் பாத்தாங்களே.”

“இத்தனை பேரும்தான் காலையில படத்தையும் பாத்தாங்க,” என்றேன்.

பட்டாசுப் புகையில் முன்னால் போகிறவன் முதுகுகூடத் தெரியவில்லை. சிந்தின அரிசியைக் கோழிகள் இன்னும் பொறுக்கிக்கொண்டிருந்தன. நான் சரிவில் இறங்கி நடந்தேன்.